சேற்றுக்குப் பிறந்த பலகை

மழை விட்ட மறுநாள் பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டைப் பக்கத்துக் கரிசல் காட்டுக்குள் செருப்போடு இறங்கிப் பாருங்கள். பத்து எட்டு வைப்பதற்குள் செருப்பு ஒவ்வொன்றும் ஒரு கிலோ கனம் கனக்கும். மாட்டு வண்டி ஓட்டியவர்களைக் கேட்டால் இந்த மண்ணின் குணத்தை இன்னும் நன்றாகச் சொல்வார்கள். சக்கரத்தில் அப்பும், குளம்பில் அப்பும், மாடு ஓட்டம் பிடித்தால் பிய்த்துக்கொண்டு வந்து வண்டிக்காரர் நெஞ்சில் விழும். காரில் ஸ்டீயரிங்குக்கு முன்னால் நீளமாகக் கிடக்கிறதே, பிள்ளையாரை ஒட்டவைத்து எலுமிச்சம்பழம் வைக்கிற இடம், டேஷ்போர்டு, அது பிறந்ததே இப்படி வந்து விழும் சேற்றுக்காகத்தான். சேறு மட்டும் நம்மூர்ச் சேறு இல்லை.

‘டேஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடித்துத் தெறிப்பது என்றொரு பொருள் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குதிரை வண்டி ஓட்டுபவர் குதிரையின் பின்னங்காலுக்கு வெகு பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. குதிரை பாய்ந்தால் சேறும் சரளையும் சாணமும் நேரே மடிக்கு வரும். அதைத் தடுக்கக் காலடியில் ஒரு மரப்பலகையையோ, தோல் போர்த்திய சட்டத்தையோ நிறுத்தினார்கள். தெறிப்பைத் தடுக்கும் பலகை, டேஷ்போர்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதில் முள் இல்லை, குமிழ் இல்லை, விளக்கு இல்லை. வெறும் பலகை.

நம்மூர் வண்டிக்காரர் அந்தப் பலகைக்கு ஆசைப்படவில்லை. தெறித்தால் தோள் துண்டால் துடைத்துக்கொள்வதோடு சரி. அவருக்கு வேண்டிய கருவிகளெல்லாம் கைக்குள் இருந்தன: ஒரு கையில் மூக்கணாங்கயிறு, மறு கையில் தார்க்குச்சி, எட்டும் தூரத்தில் மாட்டின் வால். சந்தைக்குப் போய்விட்டு இருட்டில் அரைத்தூக்கத்தில் திரும்பும்போதும் கயிறு எங்கே என்று அவர் குனிந்து பார்த்ததில்லை.

1901இல் அமெரிக்காவில் ரேன்சம் ஓல்ட்ஸ் என்பவரின் கம்பெனி ஒரு சின்னக் காரை வரிசையாகத் தயாரித்து விற்க ஆரம்பித்தது. அதன் பெயர் ‘கர்வ்டு டேஷ்’ ஓல்ட்ஸ்மொபைல், அதாவது வளைந்த பலகைக்காரி. எஞ்சின் இருக்கைக்கு அடியில் கிடந்தது. முன்னால் குதிரையும் இல்லை, குளம்பும் இல்லை. ஆனாலும் பலகை மட்டும் குதிரை வண்டியில் இருந்த அதே இடத்தில் நின்றது. காருக்குப் பெயரே அதிலிருந்துதான். பலகை இல்லாத வண்டியை ஜனங்கள் வண்டி என்று நம்பியிருக்க மாட்டார்கள் போலும்.

அப்புறம் எஞ்சின் முன்பக்கம் வந்தது. சேற்றைத் தடுத்த பலகை, எஞ்சின் சூட்டையும் எண்ணெயையும் தடுக்கும் சுவர் ஆயிற்று. ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே ஒரு சுவர் காலியாக இருந்தால் என்ன நடக்கும்? வீட்டில் ஆணி அடித்து காலண்டர் மாட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக வந்து மாட்டிக்கொண்டது. வேகம் காட்டும் முள், எண்ணெய் அழுத்தம் காட்டும் முள், சோக் இழுக்கும் குமிழ், விளக்குச் சுவிட்ச். 1930இல் அமெரிக்காவின் கால்வின் சகோதரர்கள் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோவைக் கொண்டுவந்தார்கள்; அதோடு திருகும் குமிழ்கள் வந்தன. இப்படி யாரும் மொத்தமாக உட்கார்ந்து யோசித்துச் செய்த இடமில்லை அது. ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு பொருள், ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தனி உருவம், தனி அழுத்தம். அழகு குறைவு, கைக்குச் சௌகரியம். பழைய லாரிகளிலும் அம்பாசிடரிலும் ஹெட்லைட்டை இறக்கும் குமிழ் தரையில் இருந்தது. இடது காலால் ஒரு மிதி. எதிரே பஸ் வந்தால் டிரைவரின் கால் தானே போய் மிதித்துவிடும். கண் ரோட்டை விட்டு அசையாது.

இதை இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் பார்க்கலாம். கரும்பு வெட்டுக் காலத்தில் எறையூர் சர்க்கரை ஆலையை நோக்கி டிராக்டர்கள் டிரெய்லர் நிறையக் கரும்போடு போகும். ஓட்டுகிற பையன் உடம்பைத் திருப்பிப் பின்னால் சுமை சாய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். கை மட்டும் கை ஆக்சிலேட்டரைத் தேடிப் போகாமலே பிடித்துவிடும். உழும்போதும் அப்படியே. பார்வை கலப்பை மேல் இருக்கும், வலது கை தொடையோரத்து ஹைட்ராலிக் லிவரை ஒரு விரல்கடை ஏற்றும், இறக்கும். அந்த லிவரின் இடத்தில் ஒரு கண்ணாடித் திரையை வைத்து, ‘தம்பி, இதைத் தொட்டு மூன்றாவது பக்கத்துக்குப் போ’ என்று சொன்னால் அவன் நம்மை ஏற இறங்கப் பார்ப்பான்.

கைக்குக் கண் உண்டு என்பது நம் தச்சருக்கும் தறிகாரருக்கும் தெரிந்த விஷயம். வேப்பந்தட்டை வட்டத்திலேயே இருக்கிற அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஒரு பட்டறையில் போய் நின்றால் போதும். சிற்பி மரத்தில் வைத்த கண்ணை எடுக்காமல் பக்கத்தில் கிடக்கும் உளிகளில் வேண்டியதை எடுப்பார். ஆனால் இதை இயந்திரம் செய்கிறவர்களுக்குப் புரியவைக்க ஓர் உலகப்போர் தேவைப்பட்டது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களுக்கு ஒரு விசித்திர விபத்து திரும்பத் திரும்ப நேர்ந்தது. விமானம் ஒழுங்காகத் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானி சக்கரத்தை உள்ளே மடக்கிவிடுவார். விமானம் வயிற்றால் தரையில் தேயும். விமானிகளின் கவனக்குறைவு என்று எழுதிவைத்தார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி உட்காரும் இடத்தைப் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான சுவிட்சும் இறக்கையின் மடிப்புப் பலகைக்கான சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. களைத்துப்போன விமானி ஒன்றென நினைத்து மற்றொன்றைத் தட்டியிருக்கிறார். சபானிஸ் செய்த வைத்தியம் சில்லறைச் செலவுதான். சக்கரத்தின் பிடியில் குட்டிச் சக்கரம் போல ஒன்று, மடிப்பின் பிடியில் ஆப்பு வடிவில் ஒன்று. அத்தோடு அந்த விபத்து நின்றது. இன்றைக்குத் திருச்சியில் வந்து இறங்கும் பயணிகள் விமானத்திலும் சக்கரத்தை இறக்கும் பிடியின் முனை குட்டிச் சக்கரமாகத்தான் இருக்கும். அப்படி இருக்கவேண்டும் என்பது விதி.

இது பொத்தானின் கதை. தொடுதிரையின் கதை வேறிடத்தில் தொடங்குகிறது.

1965இல் இங்கிலாந்தின் மால்வர்ன் ஊரில் ராயல் ரேடார் நிறுவனத்தில் வேலை பார்த்த இ.ஏ. ஜான்சன், விரல் பட்டால் உணரும் திரையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வானத்தில் விமானங்களை வழிநடத்துபவர்களின் வேலையை எளிதாக்குவது அவர் எண்ணம். அடுத்தது ஜெனீவா பக்கத்து செர்ன் ஆய்வகம். அங்கே பெரிய துகள் முடுக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கான கட்டுப்பாட்டு அறையில் பழைய முறைப்படி சுவிட்ச் வைத்தால் ஆயிரக்கணக்கில் வைக்க வேண்டும், சுவர் போதாது. ஃபிராங்க் பெக் என்பவர் யோசனை கேட்க, டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஸ்டம்ப் 1972 மார்ச்சில் கையாலேயே எழுதி ஒரு திட்டம் கொடுத்தார். கண்ணாடியில் படிந்த மெல்லிய செம்புக் கோடுகள். விரல் கிட்டே வந்தால் மின்னேற்றம் மாறும். கணினி அதை உணரும். ஒரே இடத்தில் பதினாறு பொத்தான்கள், வேலைக்குத் தக்கபடி பெயர் மாறும்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. ஸ்டம்பின் அந்தக் காகிதத்தில் தொடுதிரை மட்டும் இல்லை. பக்கத்திலேயே கையால் உருட்டும் ஒரு பந்தும், திருகும் ஒரு குமிழும் இருந்தன. அந்தக் குமிழ் சும்மா குமிழும் இல்லை. செய்யும் வேலைக்கு ஏற்பக் கைக்கு வெவ்வேறு உணர்வு தரும்படி கணினியே அதை ஆளும். எதைச் செய்வது என்று தேர்ந்தெடுக்கத் திரை, எவ்வளவு என்று கூட்டிக் குறைக்கக் குமிழ். தொடுதிரையைப் பெற்றவரே அதைத் தனியாக விடவில்லை, துணைக்கு ஒரு குமிழைக் கூடவே அனுப்பினார். பின்னால் வந்தவர்கள் திரையை எடுத்துக்கொண்டு குமிழை விட்டுவிட்டார்கள்.

காருக்குள் தொடுதிரை முதலில் வந்தது 1986இல், அமெரிக்காவின் பியூக் ரிவியேரா காரில். பழைய டிவிப் பெட்டியில் இருந்த அதே குழாய்த் திரை, கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து. ஏசி, ரேடியோ, பயணக் கணக்கு எல்லாம் அதற்குள். அந்தக் காலத்தில் வேற்றுக்கிரகப் பொருள் மாதிரி இருந்திருக்கும். ஆனால் குளிரைக் கூட்டவே இரண்டு பக்கம் மாறவேண்டும், கண் ரோட்டை விட்டு இறங்கவேண்டும் என்று வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். முந்தைய ஆண்டு 65,000க்கு மேல் விற்ற ரிவியேரா, அந்த ஆண்டு 22,000 அளவுக்குச் சரிந்தது. முழுப்பழியையும் திரைமேல் போடுவது நியாயமில்லை. காரையே சுருக்கிச் சின்னதாக்கியிருந்தார்கள், அதுதான் பெரிய காரணம். எப்படியோ, 1990 மாடலில் திரையைக் கழற்றிவிட்டுப் பழையபடி பொத்தான்களை வைத்தார்கள். காரில் பிறந்த தொடுதிரையின் முதல் ஆயுள் நாலே வருடம்.

பிறகு 2007இல் ஐபோன் வந்தது. ஜனங்களின் விரல் கண்ணாடிக்குப் பழகிற்று. 2012இல் டெஸ்லா தன் மாடல் எஸ் காரின் நடுவில் 17 அங்குலத் திரையை நிறுத்தியது. அதற்கப்புறம் திரை இல்லாத கார் பழைய கார் என்று ஆகிவிட்டது. நம் மாநிலமும் இதில் பின்தங்கவில்லை. செங்கல்பட்டுப் பக்கத்தில் உள்ள மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் உருவாக்கி, 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான எக்ஸ்இவி 9இ காரில், முன்பக்கம் முழுக்க 12.3 அங்குலத் திரைகள் மூன்று வரிசையாக நிற்கின்றன.

இதெல்லாம் ஓட்டுபவருக்கு வசதி என்று வந்ததாக விளம்பரம் சொல்லும். கணக்கு வேறு. ஒரு பொத்தான் வேண்டுமென்றால் அதற்கு அச்சு வெட்டவேண்டும், ஸ்பிரிங் வேண்டும், பின்னால் வயர் ஓடவேண்டும், ஆயிரக்கணக்கில் அமுக்கி அமுக்கிச் சோதிக்கவேண்டும். ஒருமுறை வைத்துவிட்டால் மாற்ற முடியாது. திரை என்றால் ஒரே பலகை, மற்றதெல்லாம் மென்பொருள். கார் விற்றபிறகும் புது வசதி சேர்க்கலாம், தப்பைத் திருத்தலாம். போதாததற்கு 2018 மே முதல் அமெரிக்காவில் புதுக் கார்களுக்கெல்லாம் பின்பக்கக் கேமரா கட்டாயம். கேமரா காட்டும் படத்துக்கு எப்படியும் ஒரு திரை வேண்டும். இருக்கிற திரைக்குள்ளேயே எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் பொத்தான் செலவு மிச்சம். பியூக் காலத்தில் திரை ஆடம்பரச் செலவு, இன்றைக்கு அதுவே சிக்கனம். அதனால்தான் இந்தப் பிறவியில் அதற்கு ஆயுசு கெட்டி.

தை மாசம் அக்கா மகன் புதுக் கார் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தான். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. விடியற்காலை ஆத்தூரில் ஒரு கல்யாணம். “வாங்க மாமா, ஏசி போட்டு ஜம்முனு போவோம்” என்று கூட்டிக்கொண்டு கிளம்பினான். பனி இறங்கிக் கிடந்தது. கொஞ்ச தூரத்தில் முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து வெளுத்துவிட்டது. அவன் இடது கையைத் திரைக்குக் கொண்டுபோனான். ஏசி படத்தைத் தொட்டான், அது பாட்டுக்குப் போயிற்று. திரும்பி வந்தான். விசிறிப் படம், அதற்குள் இன்னொரு படம்.

“என்னடா தேடுற?”

“இருங்க மாமா, கண்ணாடிக்குக் காத்து விடுறது இங்கதான் எங்கயோ...”

தையில் எங்கள் பக்கத்து ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்லவேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்துக்குப் பேர்போனது. அறுவடை முடிந்தால் தார்ரோட்டின் ஒரு பாதி களம் ஆகிவிடும். இரவில் குவித்துப் படுதா போட்டு மூடி, சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். அந்தக் கல்லைத்தான் இடது சக்கரம் ஏறி இறங்கிற்று. படுதா கிழிந்து சோளம் ரோடெல்லாம் சிதறியது. காவலுக்குப் படுத்திருந்த அம்மா எழுந்து வந்து போட்ட வசவை இங்கே அச்சேற்ற முடியாது. முழுக்க நியாயமான வசவு. ரோட்டில் சோளம் காயப்போடுவது தப்புதான், அது தனி வழக்கு. ஆனால் அன்றைக்கு ரோட்டைப் பார்க்காமல் போனவர்கள் நாங்கள். முட்டிபோட்டு ஒரு மணி நேரம் சோளம் அள்ளினோம். கல்யாணத்தில் தாலி கட்டி முடித்துப் பந்திதான் கிடைத்தது.

அவன் எத்தனை நொடி கீழே பார்த்திருப்பான்? 80 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடிக்கு 44 மீட்டர் ஓடிவிடும். நாங்கள் போனது அதில் பாதி வேகம், அதனால் கல்லோடு போயிற்று.

சுவீடனில் வி பிலேகாரே என்ற கார்ப் பத்திரிகை 2022இல் இதை அளந்தே பார்த்தது. கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில் 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே சில சின்ன வேலைகள்: வெப்பத்தை இரண்டு டிகிரி கூட்டு, ரேடியோவில் இன்ன நிலையம் வை, பயணக் கணக்கைப் பூஜ்யமாக்கு, விளக்கு வெளிச்சத்தைக் குறை. பதினொரு புதுக் கார்கள், கூடவே 2005ஆம் வருடத்து வால்வோ வி70, முழுக்கப் பொத்தான் வண்டி. வால்வோவில் எல்லாம் முடிய 10 நொடி. அதற்குள் 306 மீட்டர் போயிருந்தது. கடைசியாக வந்த எம்ஜி மார்வெல் ஆர் காருக்கு 44.9 நொடி, 1,372 மீட்டர். காரைப் பழகிக்கொள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே நேரம் கொடுத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

ஜெர்மனியில் மழையில் டெஸ்லா ஓட்டிய ஒருவர் வைப்பரின் வேகத்தைக் கூட்டத் திரையைத் தொட்டார், கார் ரோட்டை விட்டு இறங்கி மோதியது. ‘வைப்பர் போடுவது வண்டி ஓட்டுவதில் சேர்ந்ததுதானே’ என்று வாதாடினார். 2020இல் கார்ல்ஸ்ரூஹே உயர் நீதிமன்றம் ஒப்பவில்லை; வண்டியோடு சேர்ந்த திரையும் கைபேசி போல ஒரு மின்னணுக் கருவிதான் என்றது. 200 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை. செய்த கம்பெனி வைப்பரைத் திரைக்குள் வைத்தது, தண்டனை தொட்டவருக்கு. கடலில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். வேகத்தையும் திருப்பத்தையும் தொடுதிரையில் இடம் மாற்றும்போது ஏற்பட்ட குழப்பம் அதற்கு ஒரு காரணம் என விசாரணையில் தெரிந்தது. கையால் தள்ளும் பழைய விசைப்பிடிகளுக்கே திரும்புவதாக அக்கடற்படை 2019இல் அறிவித்தது.

பொத்தானின் மறுபிறவிக்கு நம் பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கிய ஏதர் கம்பெனி, 2018இல் விற்பனைக்கு விட்ட 450 ஸ்கூட்டரின் ஹேண்டில் நடுவில் 7 அங்குலத் தொடுதிரையை வைத்தது. இரண்டு சக்கரத்தில் அது புதுமை. ஆனால் ஸ்கூட்டர்காரர் இரண்டு கையாலும் பிடித்தாக வேண்டியவர், மழையில் நனைகிறவர். நீர்த்துளி விழுந்தாலும் விரலென்று ஏமாறுவது இவ்வகைத் திரையின் பிறவிக்குணம். 2023 ஆகஸ்டில், ஓசூரில் ஆலை வைத்துவிட்ட அதே கம்பெனி, விலை குறைந்த 450எஸ் மாடலை இறக்கியபோது திரை இருந்தது, தொட்டால் வேலை செய்யாது. இடது கைப்பிடியில் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு குட்டிக் குச்சி. அதைத் தள்ளித் தள்ளியே எல்லாம். மலிவாக்கப் போய் நல்லதைக் கண்டுபிடித்தார்கள் என்பது என் எண்ணம்.

பெரிய கம்பெனிகளும் இறங்கி வருகின்றன. ஃபோக்ஸ்வேகனின் வடிவமைப்புத் தலைவர் ஆண்ட்ரியாஸ் மிண்ட், ஒலி, விசிறி, வெப்பம், அபாய விளக்கு போன்ற முக்கிய வேலைகளுக்கு இனி எல்லாக் கார்களிலும் பொத்தான் இருக்கும், பழைய தப்பைத் திரும்பச் செய்யமாட்டோம் என்று 2025இல் வெளிப்படையாகச் சொன்னார். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப், 2026 ஜனவரி முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர உதவி அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டறியும் தனி விசை இருந்தால்தான் முழு மதிப்பெண் என்றது. 2023இல் தொடங்கிய நம் பாரத் என்கேப்பும் இந்த ஐந்தை எடுத்துக்கொள்ளலாம். நம் ரோட்டில் கண்ணுக்கு ஐரோப்பாவைவிட வேலை அதிகம்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்றுதான். கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வைப்பர், ஹாரன், நாலு பக்க இண்டிகேட்டர், ஏசி விசிறி, முன்கண்ணாடிக்குக் காற்று, இந்த ஐந்தையும் கையால் தடவியே போட்டுப் பாருங்கள். போட முடியவில்லை என்றால் கண்ணைத் திறந்து, விற்கிறவரிடம் பொத்தான் வைத்த மாடலைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் கம்பெனிக்கு எழுதுவார்.